திரும்பி வரும் வழி: நிரலும் எழுத்தும் பற்றிப் பெங்களூரிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். கணினியில் ஆய்வுத் தரவு சேகரிக்கும் இளையோர் கட்டாயம் இறுதிவரை படிக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட விண்ணப்பம்.

சென்ற மாதம் என் ஆய்வுக் கோப்பு ஒன்று அழிந்தது. அழிந்தது என்று சொன்னால் நம்புவது கடினம். அக்கோப்பு இன்றும் கணினியில் இருக்கிறது; சொடுக்கினால் திறக்கிறது; பிழைச் செய்தி எதுவும் காட்டுவதில்லை. பி. லூயிஸ் ரைஸ் 1905இல் வெளியிட்ட 'எபிகிராபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதி பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைக் கொண்டது. தொம்மலூர் உள்ளிட்ட பல இடங்களின் தமிழ்க் கல்வெட்டுகள் அதில் உள்ளன. அவற்றில் வரும் ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் யாமல் என்னும் வடிவில் பதிந்து வந்தேன். ஐயத்திற்குரிய வாசிப்பு வரும் இடங்களில் '#' குறியிட்டு ஒரு சிறு குறிப்பும் எழுதி வைத்தேன். இவ்வெழுத்து ரகரமா காலா, இவ்விடத்தில் கல் சிதைந்துள்ளதா, ரைஸ் படித்ததை ஏற்கலாமா என்பன போன்ற குறிப்புகள் அவை. பின்னர் ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை எண் சேர்க்க ஒரு சிறு நிரல் எழுதினேன். நிரல் கோப்பைப் படித்தது, எண்களைச் சேர்த்தது, மீண்டும் எழுதியது. எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. குறிப்புகளில் ஒன்றுகூட இல்லை.

என்னிடம் இருந்த முந்தைய படி எட்டு மாதப் பழையது. கையேட்டில் எழுதியிருந்தவற்றிலிருந்து சில குறிப்புகளை மீட்டேன். எஞ்சியவற்றில் நான் எதை ஐயுற்றேன் என்பது எனக்கே நினைவில்லை. ஆக, ஐயமாக இருந்த வாசிப்புகள் இப்போது உறுதியான வாசிப்புகளாகக் கோப்பில் நிற்கின்றன. குற்றம் என்னுடையதே, நிரல் தனக்கு விதிக்கப்பட்டதைத்தான் செய்தது. ஆயினும் அந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, கணினி வரலாற்றின் ஒரு சிறு பகுதியும் நம் சுவடி மரபும் எதிர்பாராத இடத்தில் சந்திப்பதைக் கண்டேன். அதைப் பகிர்வதே இப்பதிவின் நோக்கம்.

இரு திசைப் பயணம்

நிரல் ஒன்று இயங்கும்போது அதன் தரவு நினைவகத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை உண்டு: இது எண், இது சொல், இது உண்டு அல்லது இல்லை, இது தேதி, இது பட்டியல். மின்சாரம் நின்றால் அனைத்தும் மறையும். ஆகவே தரவைக் கோப்பாக எழுதி வைக்க வேண்டும். வேண்டும்போது கோப்பிலிருந்து மீண்டும் தரவாக்க வேண்டும். முதலாவதை எழுத்தாக்கம் என்றும் இரண்டாவதை மீட்பு என்றும் இப்பதிவில் அழைக்கிறேன். ஒரு நிரல் எந்த முகவரியில் இயங்க வேண்டும், எம்மொழியில் பேச வேண்டும், எத்தனை பேரை ஒரே நேரத்தில் ஏற்க வேண்டும் என்பன போன்ற அமைப்புக் குறிப்புகளைத் தாங்குபவை அமைவுக் கோப்புகள். இவற்றை நிரலும் படிக்க வேண்டும், மனிதரும் படித்துத் திருத்த வேண்டும். மனிதர் படிக்கத்தக்க வடிவங்களின் தேவை இங்கேதான் எழுந்தது.

1970களின் யூனிக்ஸ் அமைப்பில் பயனர் பட்டியல்கூட ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. ஒரு பயனருக்கு ஒரு வரி, இடையே முக்காற்புள்ளிகள். விண்டோஸின் தொடக்கப் பதிப்புகளில் ஐஎன்ஐ கோப்புகள் வந்தன: பகுதித் தலைப்பு, அதன்கீழ்ப் பெயர், சமக்குறி, மதிப்பு. இவற்றில் மதிப்பு எல்லாம் வெறும் எழுத்தே; அது எண்ணா சொல்லா என்பதை நிரலே முடிவு செய்தது. 1998 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. எதையும் எழுதலாம் என்ற ஆற்றல் அதற்கு உண்டு. ஆயினும் ஒவ்வொரு சொல்லுக்கும் தொடக்க அடையாளமும் முடிவு அடையாளமும் இட்டு எழுத மனிதர் களைத்தனர். 2001இல் டக்ளஸ் கிராக்ஃபோர்டு ஜேசன் வடிவை முன்வைத்தார். அதே ஆண்டில் கிளார்க் எவன்ஸ், இங்கி டாட் நெட், ஓரன் பென்-கிக்கி ஆகிய மூவரும் யாமல் வடிவைத் தொடங்கினர். மனிதர் எளிதில் படிக்கத்தக்கதாக இருத்தல் என்பதை யாமலின் வரையறை தன் நோக்கங்களில் முதலிடத்தில் வைக்கிறது. 2013இல் டாம் பிரஸ்டன்-வெர்னர் டாமல் என்னும் வடிவைத் தந்தார்.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் படிப்பின் வரலாறாகவே சொல்கின்றனர்: எது கண்ணுக்கு எளிது, எதில் அடைப்புக்குறி குறைவு என்று. என் அனுபவத்திற்குப் பிறகு வேறொரு கேள்வி முக்கியமாகப்படுகிறது. எழுத்து நிரலுக்குள் சென்று, மீண்டும் எழுத்தாக வெளிவரும்போது எது திரும்பி வருகிறது, எது வழியில் தங்கிவிடுகிறது? நானறிந்த அளவில் தங்கிவிடுபவை மூன்று: வகை, ஐயம், எழுத்துரு.

வகை: பெங்களூரும் சென்னையும்

நூலகங்களின் தொலைபேசி எண்களை ஒரு யாமல் கோப்பில் பதிவதாகக் கொள்வோம். பெங்களூரின் எஸ்டிடி குறியீடு 080. சென்னையின் குறியீடு 044. மேற்கோள் குறி இடாமல் இவ்விரண்டையும் எழுதுகிறோம். 2005இல் வெளியான யாமல் 1.1 வரையறையைப் பின்பற்றும் நிரல் இவற்றைப் படித்தால் என்ன நிகழும்? பூச்சியத்தில் தொடங்கி 0 முதல் 7 வரையிலான இலக்கங்களே வரும் எண்ணை அவ்வரையறை எட்டின் அடிமான எண்ணாகக் கொள்ளும். ஆகவே 044 என்பது நான்கு எட்டுகளும் நான்கும், அதாவது 36. சென்னை 36 ஆகிவிடுகிறது. பெங்களூரின் 080இல் 8 என்னும் இலக்கம் இருப்பதால் அது எட்டடிமான எண்ணாக முடியாது, எழுத்தாகவே தப்பிக்கிறது. ஒரே பட்டியலில் ஒரே நோக்கத்தோடு எழுதிய இரு வரிகளில் ஒன்று எண்ணாகவும் மற்றொன்று சொல்லாகவும் உள்ளே போகின்றன. 2009இல் வந்த 1.2 வரையறை இதைத் திருத்தியது. அதன் அடிப்படை விதிப்படி 044 என்பது 44, 080 என்பது 80. இப்போது இரு நகரங்களும் சமம். இரண்டுமே தம் பூச்சியத்தை இழந்துவிட்டன.

இத்தகைய கதைகளில் உலகப் புகழ் பெற்றது நார்வேயின் கதை. நாடுகளின் ஈரெழுத்துக் குறியீடுகளில் நார்வேயின் குறியீடு ஆங்கிலத்தில் 'இல்லை' என்னும் சொல்லோடு ஒத்துப்போகிறது. யாமல் 1.1 அச்சொல்லை 'உண்டு/இல்லை' வகையாகக் கொள்வதால், நாடுகளின் பட்டியலில் நார்வே மட்டும் ஒரு மறுப்பாக மாறிவிடும். ஜேசனும் டாமலும் இங்கே கடுமையானவை. சொல் என்றால் மேற்கோள் குறி வேண்டும். பூச்சியத்தில் தொடங்கும் 044ஐ எண்ணாக எழுதினால் ஏற்க மறுத்து நின்றுவிடும். எழுதும் கைக்கு அது தொல்லை. ஆனால் தவறாக ஊகிப்பதைவிட நின்றுவிடுவது மேல் என்பதை நூற்பதிப்பில் ஈடுபட்டோர் உணர்வர்.

தமிழ் மாணவருக்கு இது புதிய சிக்கல் அன்று. மெய்யெழுத்தும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. வரையறை தெளிவாக இருந்தது. நடைமுறையில் ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளி இடவில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவில் நின்றன. 'எரி'யா 'ஏரி'யா என்பதைச் சூழலிலிருந்து படிப்பவர் ஊகித்துக்கொண்டார். ஊகம் பிழைத்தால் அடுத்த படி எடுப்பவர் அப்பிழையையே மூலமாகக் கொண்டார். குறில் நெடில் வேறுபாட்டைக் காட்ட வீரமாமுனிவர் செய்த எழுத்துத் திருத்தம் இத்தகைய ஊகத்தைக் குறைப்பதற்கான முயற்சியே. யாமலில் மேற்கோள் குறியை விட்டுவிடுவது ஓலையில் புள்ளியை விட்டுவிடுவது போன்றது. எழுதுவது விரைவாகிறது, பொருளை முடிவு செய்யும் உரிமை எழுதியவர் கையிலிருந்து படிப்பவர் கைக்குப் போய்விடுகிறது. அந்தப் படிப்பவர் இன்று ஒரு நிரல்.

ஐயம்: இல்லாததும் தெரியாததும்

1894ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்து வெளியிட்டார். அதற்கு முன் 1887இல் சீவக சிந்தாமணி. கிடைத்த சுவடிகளை ஒப்பிட்டு, வேறுபட்ட பாடங்களைக் குறித்து, சுவடியில் சிதைந்துபோன அடிகளின் இடத்தில் புள்ளிகளை அச்சிட்டார். அப்புள்ளிகள் ஒரு தகவலைத் தாங்குகின்றன: இங்கே ஏதோ இருந்தது, அது என்னவென்று தெரியவில்லை. இடைவெளியை மூடி அடிகளை ஒட்டியிருந்தால் நூல் அழகாகத் தோன்றியிருக்கும்; நாம் ஏமாந்திருப்போம்.

கோப்பு வடிவங்களில் இந்தப் புள்ளிகளுக்கு என்ன இடம்? ஜேசனில் வெறுமையைக் குறிக்கத் தனிச் சொல் உண்டு. யாமலிலும் உண்டு, மதிப்பை எழுதாமல் விட்டாலே அது வெறுமையாகக் கொள்ளப்படும். டாமலில் அப்படியொரு மதிப்பே கிடையாது. ஆகவே யாமலில் 'தந்தை பெயர்: வெறுமை' என்று இருப்பதை டாமலுக்கு மாற்றினால் அவ்வரியையே நீக்க வேண்டும், அல்லது வெற்றுச் சொல்லை இட வேண்டும். 'பெயர் தெரியவில்லை' என்பதும் 'பெயர் கேட்கப்படவில்லை' என்பதும் 'பெயர் இல்லை' என்பதும் இம்மாற்றத்தில் ஒன்றாகிவிடுகின்றன. கல்வெட்டில் பெயர் சிதைந்திருப்பதற்கும் கல்வெட்டே பெயரைச் சொல்லாதிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்த வரலாற்று மாணவரும் விட்டுக்கொடுக்கமாட்டார்.

பெங்களூர் இவ்வரலாற்றில் வருவது இங்கேதான். ஆதார் ஆணையத்தின் தொழில்நுட்ப மையம் இந்நகரில் உள்ளது. 2010 செப்டம்பர் 29 அன்று மகாராட்டிரத்தின் தெம்பிளி என்னும் சிற்றூரில் முதல் ஆதார் எண்கள் வழங்கப்பட்டன. பிறந்த தேதி அறியாத கோடிக்கணக்கானோர் வாழும் நாட்டில் பிறந்த தேதி என்னும் புலத்தை எப்படி வடிவமைப்பது? ஆதார் அங்கீகார இடைமுகத்தின் ஆவணங்களில் தேதியோடு சேர்ந்து ஒரு வகைக்குறிப்பும் உண்டு: சரிபார்க்கப்பட்டது, தாமே அறிவித்தது, தோராயமானது என மூன்று. ஒரு பதிப்பாசிரியரின் மனம் அங்கே வேலை செய்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. தரவோடு அதன் உறுதியின் அளவும் பயணிக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

ஆனால் பயணம் நீளும்போது என்ன ஆயிற்று? மக்கள் கைக்கு வந்த கடிதத்தின் பழைய கியூஆர் குறிக்குள் எக்ஸ்எம்எல் வரி ஒன்று இருந்தது. பெயர், பால், பிறந்த ஆண்டு அல்லது தேதி, முகவரியின் கூறுகள் எல்லாம் அதில் இருந்தன. அந்த வகைக்குறிப்பு அதில் இல்லை. அவ்வரியைப் படிக்கும் பிற நிரல்கள் முழுத் தேதியை எதிர்பார்த்தால், ஆண்டு மட்டும் தெரிந்த இடத்தில் மாதத்தையும் நாளையும் தாமே இட்டு நிரப்பும். ஜனவரி 1 பிறந்த நாளாகப் பதிவான முதியோரை நாட்டின் பல பகுதிகளில் காணலாம். அவர்களில் பலருக்கு அந்த நாள் ஒரு தோராயத்தின் எச்சம். தோராயம் என்னும் சொல் வழியில் உதிர்ந்துவிட, நாள் மட்டும் தங்கிவிட்டது. ஓய்வூதியமோ வயதுச் சான்றோ கேட்டு நிற்கும்போது அந்த நாள் உறுதியான உண்மையாக மேசைமேல் வைக்கப்படுகிறது.

அதே கியூஆர் குறியின் பிற்கால வரலாறு மறுபக்கத்தையும் காட்டுகிறது. பழைய குறியை எந்தக் கைப்பேசியும் படித்துக் காட்டும். அதில் ஆதார் எண்ணும் வெளிப்படையாக இருந்தது. யாரும் படிக்கத்தக்க எழுத்தை யாரும் மாற்றி எழுதவும் முடியும். அவ்வரியில் கையொப்பம் இல்லாததால் மாற்றத்தைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. 2018இல் பாதுகாப்பான கியூஆர் குறி வந்தது. அதில் தரவு சுருக்கப்பட்டு, மின்னணுக் கையொப்பம் இடப்பட்டு, ஒரு நெடிய எண்ணாக அடைக்கப்பட்டிருக்கிறது. வெறுங்கண்ணால் படிக்க இயலாது. அதற்குரிய செயலி வேண்டும். முழு ஆதார் எண்ணும் அதில் இல்லை. படிக்கத்தக்கது எப்போதும் நல்லது என்று நான் வாதிடவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். அடையாளச் சான்றுக்கு மூடிய வடிவம் பொருந்தலாம். ஆய்வுத் தரவுக்கும் அமைவுக் கோப்புக்கும் அது பொருந்தாது. அவை பலர் திறந்து திருத்த வேண்டியவை.

எழுத்துரு: எந்த மனிதர்?

மனிதர் படிக்கத்தக்கது என்னும்போது அந்த மனிதர் யார் என்ற கேள்வி எழுகிறது. 'தமிழ்' என்னும் சொல் மூன்று எழுத்துகளால் ஆனது. ஒருங்குறியில் அது ஐந்து குறியீடுகள்: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. பைத்தான் மொழியோடு வரும் ஜேசன் தொகுதி, நாம் வேறுவிதமாகக் கேட்காவிட்டால், ஒவ்வொரு குறியீட்டையும் ஒரு பின்சாய்கோடு, ஓர் ஆங்கில எழுத்து, நான்கு பதினறும இலக்கங்கள் என ஆறு வடிவங்களாக எழுதும். ஆக, 'தமிழ்' என்னும் சொல் கோப்பில் 30 வடிவங்களாக விரியும். நிரலுக்கு இழப்பு ஏதுமில்லை. மீட்கும்போது தமிழ் தமிழாகவே வரும். இழப்பு நமக்குத்தான். அதே கோப்பில் ஆங்கிலச் சொற்கள் ஆங்கிலமாகவே நிற்கும். பைத்தானில் பரவலாக வழங்கும் யாமல் தொகுதியின் இயல்பும் இதுவே. ஒரு சிறு விருப்பத்தை மாற்றினால் தமிழ் தமிழாக எழுதப்படும். ஆனால் இயல்பு நிலை யாருக்காக அமைந்தது என்பதை அச்சிறு விருப்பமே சொல்லிவிடுகிறது.

இக்குறையை வென்ற ஒரு பணி பெங்களூரில் நடந்திருப்பதைத் தமிழ் அறிஞர்கள் அறிய வேண்டும். வி. கிருஷ்ணா அவர்கள் பல பத்தாண்டுகள் உழைத்து உருவாக்கிய கன்னட-ஆங்கில அகராதி 2019இல் 'அலர்' என்னும் பெயரில் இணையத்தில் வெளியானது. 1,50,000க்கும் மேற்பட்ட கன்னடச் சொற்பதிவுகள், 2,40,000 அளவிலான ஆங்கில விளக்கங்கள். கன்னடத்தில் அலர் என்றால் மலர், மலர்தல். அகத்திணை படித்த நமக்கோ அலர் என்றதும் ஊரார் வாயில் பரவும் பேச்சு நினைவுக்கு வரும். பரவுதல் என்னும் பொருளில் இரண்டும் இவ்வகராதிக்குப் பொருந்தும். ஏனெனில் அதன் முழுத் தரவும் திறந்த உரிமத்தில் வைக்கப்பட்டது. வைக்கப்பட்ட வடிவம் யாமல். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண், தலைச்சொல், அதன்கீழ் விளக்கங்களின் பட்டியல், ஒவ்வொரு விளக்கத்திற்கும் இலக்கண வகை. கன்னடம் கன்னட எழுத்திலேயே நிற்கிறது. நிரல் எழுதத் தெரியாத ஒரு கன்னடப் பேராசிரியர் சாதாரண எழுத்துச் செயலியில் அக்கோப்பைத் திறந்து ஒரு பொருளைச் சரிபார்க்கலாம்.

இதன் அருமையை உணர அச்சகராதிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். புறநானூறு அச்சேறிய அதே 1894இல் மங்களூரில் பாசல் மிஷன் வெளியீடாக ஃபெர்டினாண்ட் கிட்டெலின் கன்னட-ஆங்கில அகராதி வந்தது. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ஆறு தொகுதிகளாக வந்தது. இவற்றில் தடித்த எழுத்து தலைச்சொல்லைக் காட்டும். சாய்ந்த எழுத்து இலக்கண வகையைக் காட்டும். அடைப்புக்குறிக்குள் மூலநூலின் சுருக்கப் பெயர் வரும். அச்சுக்கோப்பவரின் கை தரவின் வகையை எழுத்தின் தோற்றத்தில் பதித்து வைத்தது. மனிதக் கண் அதை உடனே உணரும், நிரல் உணராது. தோற்றத்தில் மறைந்திருந்த அமைப்பைப் பெயரிட்ட புலங்களாக வெளிக்கொணர்வதே அகராதிகளைக் கணினிக்குக் கொண்டுவருவதன் பெரும்பணி.

அலர் வெளிவரத் துணைநின்ற கைலாஷ் நாத், பெங்களூரின் ஜெரோதா நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர். மலையாளத்திற்கு 'ஓளம்' அகராதித் தளத்தை உருவாக்கியவர். கோ மொழியில் அவர் எழுதிய 'கோன்ஃப்' என்னும் திறமூலத் தொகுதி இப்பதிவின் பொருளுக்கு நேரடியான சான்று. ஜேசன், யாமல், டாமல் என எவ்வடிவில் அமைவுக் கோப்பு இருந்தாலும் அதைப் படித்து, பெயரும் மதிப்புமான ஒரே உள்வடிவத்திற்கு அது கொண்டுவருகிறது. வேண்டுமானால் மீண்டும் வேறொரு வடிவில் எழுதவும் செய்கிறது. வடிவங்களுக்கிடையே பாலம் அமைக்கும் எந்தக் கருவியும் செய்யும் வேலை இது. பாலத்தைக் கடக்க வேண்டுமானால் எல்லா வடிவங்களுக்கும் பொதுவானவை மட்டுமே கடக்க முடியும். பெயரும் மதிப்பும் கடக்கும். '#' குறியிட்ட குறிப்பு கடக்காது.

உரையின் இடம்

என் குறிப்புகள் அழிந்ததற்கான விதியை இறுதியில் யாமலின் வரையறையிலேயே கண்டேன். குறிப்புகள் தோற்றம் சார்ந்தவை, தரவின் பொருளில் அவற்றுக்கு இடமில்லை என்று அது தெளிவாகவே சொல்கிறது. ஆகவே படிக்கும் நிரல் அவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஜேசனில் குறிப்புகளுக்கே இடமில்லை. கிராக்ஃபோர்டு அவற்றை வேண்டுமென்றே நீக்கினார். குறிப்புகளுக்குள் நிரலுக்கான கட்டளைகளைச் சிலர் ஒளித்து வைத்ததும், அதனால் ஒரு கோப்பு வெவ்வேறு நிரல்களுக்கு வெவ்வேறு பொருள் தரும் நிலை வரும் என்ற அச்சமும் அவர் கூறிய காரணம். இரண்டும் நியாயமான முடிவுகளே. எந்திரத்தின் பார்வையில் நூல் வேறு, உரை வேறு.

நம் மரபு அவ்வாறு பிரித்துப் பார்க்கவில்லை. தொல்காப்பியத்தை இளம்பூரணரோடும், சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லாரோடும், சிந்தாமணியை நச்சினார்க்கினியரோடும் சேர்த்தே பெற்றோம். படி எடுத்தவர் மூலத்தை மட்டும் எழுதி உரையை விட்டிருந்தால் இன்று பல சொற்களுக்குப் பொருள் தெரியாது நின்றிருப்போம். சில இடங்களில் மூல நூலே மறைந்து, உரையில் காட்டப்பட்ட மேற்கோள் வழியாக மட்டும் சில வரிகள் பிழைத்திருக்கின்றன. ஓலையில் உரையை வைத்தவருக்குப் பக்கவாட்டுக் குறிப்பு என்று தோன்றியது, பின்வந்தவருக்கு ஒரே சான்றாயிற்று.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கு என் பரிந்துரை மூன்று. முதலாவது, எண்போல் தோன்றும் பெயர்களை (தொலைபேசிக் குறியீடு, கல்வெட்டு எண், சுவடி எண்) எப்போதும் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். கூட்டிக் கழிக்கப் போவதில்லை எனில் அது எண் அன்று. இரண்டாவது, கோப்பை ஒருமுறை நிரலில் படித்து, எதையும் மாற்றாமல் மீண்டும் எழுதச் செய்து, இரு கோப்புகளையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வரிசை மாறியதா, தமிழ் தமிழாக இருக்கிறதா, குறிப்புகள் உள்ளனவா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். குறிப்புகளையும் வரிசையையும் காத்துத் திரும்ப எழுதும் தொகுதிகளும் உண்டு. பைத்தானில் 'ரூமெல் யாமல்' அத்தகையது. மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: ஐயத்தைக் குறிப்பில் எழுதாதீர்கள், அதற்கு ஒரு புலம் கொடுங்கள். ஆதாரின் ஆவணத்தில் தோராயம் என்பதற்கு ஓர் இடம் இருந்ததைப்போல, உங்கள் ஒவ்வொரு வாசிப்புக்கும் அதன் உறுதி, ஐயத்தின் காரணம், யார் எப்போது ஐயுற்றார் என்பவற்றைப் பெயரிட்டுப் பதியுங்கள். அப்போது அது தரவாகிறது. நிரல் அதைத் தவிர்க்க முடியாது.

என் கோப்பில் இப்போது 'ஐயம்' என்று ஒரு புலம் இருக்கிறது. மீட்க முடிந்த குறிப்புகளை அதில் இட்டுவிட்டேன். மீட்க முடியாத பதிவுகளில் 'முன்பு குறிப்பு இருந்திருக்கலாம். மீண்டும் கல்வெட்டைப் பார்க்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறேன். அதுவே புறநானூற்றுப் பதிப்பின் புள்ளிகளுக்கு நான் செய்யக்கூடிய சிறு கைம்மாறு. வரும் சனிக்கிழமை தொம்மலூர் சொக்கநாதர் கோயிலிலிருந்து அந்த மறுபார்வையைத் தொடங்குகிறேன். பெங்களூரில் உள்ள மாணவர்கள் உடன் வர விரும்பினால் மகிழ்ச்சி. நோட்டும் பென்சிலும் கொண்டுவாருங்கள்.